செலரான் என்4020, ஏ4-9125: கடற்கரை ஊரில் பழைய லேப்டாப் வாங்குகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி என்று நம் கடற்கரையில் எந்த ஊர்க்காரர் குறைந்த விலைக்கு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் தேடினாலும் இரண்டு ப்ராசஸர்களின் பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். ப்ராசஸர் என்பது லேப்டாப்பின் மூளை மாதிரியான சிப். ஒன்று இன்டெலின் செலரான் என்4020. மற்றொன்று ஏஎம்டியின் ஏ4-9125. இரண்டும் புதிதாக வந்த காலத்திலேயே விலை குறைந்த வரிசையில் வந்தவை. காலேஜில் முதல் வருடம் சேர்ந்த பிள்ளை, டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கிறவர், வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி பார்க்க நினைக்கிறவர் என்று பலருக்கும் இந்த விலைதான் கைக்கு எட்டுகிறது. பார்த்து எடுத்தால் இவை இன்னும் சில வருடம் நன்றாகவே உழைக்கும். பார்க்காமல் எடுத்தால் பணமும் போகும், பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் என்றாலே வெறுப்பும் வரும். அந்த வெறுப்புத்தான் பெரிய நஷ்டம்.

இரண்டையும் எப்படி ஒப்பிடுவது என்று படிப்படியாகச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாதவரும் செய்துவிடலாம். கடையில் ஒரு அரை மணி நேரம், ஒரு பென் டிரைவ், டார்ச் உள்ள மொபைல், இவ்வளவுதான் தேவை.

முதலில் முழுப் பெயரைப் பாருங்கள்

லேப்டாப்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை வைத்து முடிவு செய்யாதீர்கள். "இன்டெல்" என்று மட்டும் இருந்தால் அது எதுவாகவும் இருக்கலாம். லேப்டாப்பை ஆன் செய்து, செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் அபவுட் என்று போனால் ப்ராசஸரின் முழுப் பெயர் தெரியும். அதை ஒரு எழுத்து விடாமல் தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு எழுத்து, ஒரு எண் மாறினாலும் சரக்கு வேறு. என்3350 என்பது 2016-இல் வந்த முந்தைய தலைமுறை. அதன் கேஷ் (ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன நினைவகம்) 2 எம்பிதான். என்4000 என்பது 2017 கடைசியில் வந்தது. என்4020-க்கும் அதற்கும் அதிகபட்ச வேகத்தில் மட்டும் சின்ன வித்தியாசம். அதனால் என்4000 கிடைத்தாலும் இங்கே சொல்வது அநேகமாக அப்படியே பொருந்தும். ஏஎம்டி பக்கம் ஏ4-9120 என்பது 9125-க்குக் கொஞ்சம் கீழே. அதே எண்ணுக்குப் பின்னால் "சி" என்ற எழுத்து இருந்தால் அது குரோம்புக் என்ற கூகுள் வகை லேப்டாப்புக்காகச் செய்த 6 வாட் வகை, வேகம் இன்னும் குறைவு. கடைக்காரர் "எல்லாம் ஒண்ணுதான் தம்பி" என்று சொன்னாலும் தாளில் எழுதியதை விட்டுவிடாதீர்கள்.

அப்புறம் எண்களைப் படியுங்கள்

இங்கேதான் புதியவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். "அண்ணே, இது 2.3 கிகாஹெர்ட்ஸ், அது வெறும் 1.1. அப்ப இதுதானே ஃபாஸ்ட்?" என்று கேட்காத பையனே கிடையாது. நியாயமான கேள்விதான். பெட்டியில் அச்சடித்திருப்பது அப்படித்தான் தோன்ற வைக்கும்.

1.1 என்பது என்4020-இன் அடிப்படை வேகம். சூடு வரம்புக்குள் நின்று எல்லா நேரமும் கொடுக்க முடியும் என்று நிறுவனம் சொல்லும் அளவு அது. வேலை வந்தவுடன் அது 2.8 கிகாஹெர்ட்ஸ் வரை ஏறும். ஒரு பக்கத்தைத் திறப்பது, ஒரு ஃபைலைச் சேமிப்பது போன்ற சின்னச் சின்ன வேலைகள் எல்லாம் அந்த ஏற்றத்திலேயே முடிந்துவிடும். ஏ4-9125 அடிப்படையில் 2.3, அதிகபட்சம் 2.6. மேல் வேகத்தை வைத்துப் பார்த்தால் என்4020-தான் சற்று முன்னால் நிற்கிறது.

கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கு மட்டும்தான். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது உள்ளே இருக்கும் வடிவமைப்பைப் பொறுத்தது. ஆகவே வேறு வேறு நிறுவனத்தின் ப்ராசஸர்களை கிகாஹெர்ட்ஸ் எண்ணை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. ஒரே குடும்பத்துக்குள், உதாரணமாக என்4000, என்4020 இரண்டுக்கும் நடுவில், அந்த ஒப்பீடு செல்லும்.

இரண்டிலும் இரண்டு கோர் (கணக்குப் போடும் தனித்தனி அலகு) உண்டு. ஆனால் ஏ4-9125-இன் இரண்டு கோர்களும் ஒரே தொகுதியாகச் செய்யப்பட்டவை. தசமக் கணக்குகளைப் போடும் பகுதியை இரண்டும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இரண்டு கோருக்கும் ஒரே நேரத்தில் அந்தக் கணக்கு வந்தால் ஒன்று காத்திருக்க வேண்டும். என்4020-இல் ஒவ்வொரு கோருக்கும் அது தனித்தனி. கேஷ் நினைவகம் என்4020-இல் 4 எம்பி, ஏ4-இல் 1 எம்பி. அடிக்கடி தேவைப்படும் தகவலை ப்ராசஸர் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளும் இடம் அது. இடம் குறைந்தால் ஒவ்வொரு முறையும் ரேமுக்குப் போய்வர வேண்டும். போதாக்குறைக்கு ஏ4 ரேமோடு ஒரே சேனலில், அதாவது ஒரே பாதையில்தான் பேசும். இரண்டு ரேம் போட்டாலும் அந்தப் பாதை அகலமாகாது.

என்4020 வந்தது 2019 கடைசியில், 14 நானோமீட்டர் முறையில், 6 வாட் அளவில். ஏ4-9125 வந்தது 2018-இல், 28 நானோமீட்டர் முறையில், 15 வாட் அளவில். ஒரு வருட இடைவெளிதான் என்றாலும் செய்முறையில் ஏ4 பின்தங்கியது; நானோமீட்டர் எண் பெரிதாக இருந்தால் பழைய முறை என்று அர்த்தம். அதே வேலைக்கு அது அதிக மின்சாரம் இழுக்கும், அதிகம் சூடாகும். இந்தச் சூடுதான் நம் ஊரில் பெரிய விஷயம். அதைக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ஏ4-க்கு ஒரு நல்ல பக்கமும் உண்டு. ஏவிஎக்ஸ் என்ற கணக்குக் கட்டளைகள் அதில் இருக்கின்றன, என்4020-இல் இல்லை. டைப்பிங், பிரவுசர், டேலிக்கு இதனால் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் மெஷின் லேர்னிங் படிக்கும் மாணவர் அதற்கான டென்சர்ஃப்ளோ என்ற மென்பொருளை சாதாரண முறையில் நிறுவினால் அது ஏவிஎக்ஸ் கேட்கும், என்4020-இல் ஓடாது. அந்தப் பாடம் எடுத்திருக்கும் பிள்ளைக்கு வாங்குகிறீர்கள் என்றால் இதை மனதில் வையுங்கள்.

ரேமும் டிஸ்க்கும்

லேப்டாப் "ஹேங் ஆகுது" என்று சர்வீஸ் கடைக்கு வருவதில் பெரும்பாலும் குற்றவாளி டிஸ்க்தான். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குப் போய் டிஸ்க் என்பதைப் பாருங்கள். சிபியு (ப்ராசஸர்தான்) 20 சதவீதத்தில் சும்மா இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்றால் ப்ராசஸரைத் திட்டிப் பயனில்லை.

ஏ4 லேப்டாப்புகள் பலவற்றில் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் இருக்கும். அது ஒரு வகையில் நல்லது, ஏனென்றால் கழற்றிவிட்டு எஸ்எஸ்டி என்ற சுழலாத, வேகமான டிஸ்க் போடலாம். போட்டால் மிஷின் ஆளே மாறிப்போகும். என்4020 லேப்டாப்புகள் பலவற்றில் இஎம்எம்சி என்ற நினைவகம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். டிஸ்க் அளவு 58 ஜிபி என்றோ 29 ஜிபி என்றோ காட்டினால் அநேகமாக அதுதான். 29 ஜிபி உள்ளதை வாங்கவே வாங்காதீர்கள். விண்டோஸ் அப்டேட்டுக்கே இடம் போதாது. 58 ஜிபி உள்ளதில் எஸ்எஸ்டி போட காலி ஸ்லாட் இருக்கிறதா என்று பின்மூடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சில மாடலில் இருக்கும், சிலவற்றில் இருக்காது.

அதே பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் மெமரியைத் தொட்டால் ஃபார்ம் ஃபேக்டர் என்று ஒரு வரி இருக்கும். அதில் ரோ ஆஃப் சிப்ஸ் என்று வந்தால் ரேம் போர்டோடு ஒட்டியது, மாற்ற முடியாது. சோடிம் என்று வந்தால் மாற்றலாம். 4 ஜிபி ரேமோடு இன்று குரோமில் நாலைந்து டேப் திறந்தாலே மூச்சு வாங்கும். 8 ஜிபிக்கு வழி இல்லாத லேப்டாப்பை, ப்ராசஸர் எதுவானாலும், நான் யாருக்கும் சொல்வதில்லை. ஏ4-இல் ரேமின் ஒரு பகுதியை கிராபிக்ஸ் எடுத்துக்கொள்ளும் என்பதால், அபவுட் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் "யூசபிள்" என்று போட்டிருக்கும் அளவையும் பார்த்துவிடுங்கள்.

கடையிலேயே சோதித்துப் பார்ப்பது

இரண்டு லேப்டாப்பும் ஒரே மேஜையில் இருந்தால் நல்லது. இரண்டையும் சார்ஜரில் போடுங்கள், பவர் மோடை ஒரே மாதிரி வையுங்கள். ஃபைல்களைச் சுருக்கும் செவன்-ஜிப் (7-Zip) என்ற மென்பொருளை முன்பே நிறுவி, அதன் ஃபோல்டரை அப்படியே பென் டிரைவில் எடுத்துப் போங்கள். அதைத் திறந்து டூல்ஸ் மெனுவில் பெஞ்ச்மார்க் என்று கொடுத்தால், ப்ராசஸரையும் ரேமையும் மட்டும் சோதிக்கும். டிஸ்க் குறுக்கே வராது. இரண்டிலும் டிக்‌ஷனரி அளவு 32 எம்பி என்று ஒரே மாதிரி இருக்கட்டும். கடைசியில் வரும் மொத்த மதிப்பை எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் நிமிடத்து எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். பத்து நிமிடம் அப்படியே ஓட விடுங்கள். டாஸ்க் மேனேஜரில் சிபியு வேகம் எங்கே ஆரம்பித்து எங்கே வந்து நிற்கிறது என்று பாருங்கள். நல்ல நிலையில் இருக்கும் மிஷினிலும் சூடு ஏற ஏறக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். 2.5-இல் ஆரம்பித்த ஏ4 ஐந்தாவது நிமிடத்தில் 1.4-க்கு விழுந்து, ஃபேன் இரைச்சல் போட்டுக்கொண்டிருந்தால், உள்ளே தூசியோ உப்போ அடைத்திருக்கிறது அல்லது தெர்மல் பேஸ்ட் (ப்ராசஸரின் சூட்டைக் கடத்தும் பசை) காய்ந்துவிட்டது என்று அர்த்தம். அதை வைத்து விலையைக் குறைத்துக் கேட்கலாம்.

பொதுவாக இந்தச் சோதனைகளில் என்4020 கொஞ்சம் முன்னால் வரும். பெரிய இடைவெளியை எதிர்பார்க்க வேண்டாம். பழுதில்லாத ஏ4, அடைத்துப்போன என்4020-ஐ முந்திவிடும். அதனால்தான் எண்களை நம்புவதைவிட, கையில் இருக்கும் மிஷினையே ஓட்டிப் பாருங்கள் என்று சொல்கிறேன்.

வீடியோவையும் ஓட்டிப் பாருங்கள். மொபைல் ஹாட்ஸ்பாட் போட்டு யூட்யூபில் 1080 தரத்தில் ஒரு வகுப்பு வீடியோவைத் திறந்து, அதன் மேல் ரைட் கிளிக் செய்து ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ் என்பதைத் தொட்டால், எந்த கோடெக்கில் (வீடியோவைச் சுருக்கும் முறை) ஓடுகிறது, எத்தனை ஃபிரேம் விட்டுப்போனது என்று காட்டும். விபி9 வகையை என்4020 தன் கிராபிக்ஸ் பகுதியிலேயே கையாளும், ப்ராசஸருக்குப் பாரம் வராது. புதிதாகப் பரவும் ஏவி1 வகைக்கு இரண்டிலுமே வன்பொருள் வசதி இல்லை. எல்லாப் பாரமும் ப்ராசஸர் தலையில் விழும். அப்போது படம் திக்கினால் 720-க்கோ 480-க்கோ இறக்கிப் பாருங்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவில் வேலை பார்க்கும் வாப்பாவோடோ அண்ணனோடோ பேசுவதற்காகவே லேப்டாப் வாங்கும் வீடுகள் உண்டு. வீடியோ கால் என்பது படத்தை வாங்கிக் காட்டுவதும், நம் படத்தைச் சுருக்கி அனுப்புவதும் ஒரே நேரத்தில் நடக்கும் வேலை. யூட்யூபைவிடக் கடினம். கடையிலிருந்தே வீட்டுக்கு ஒரு கால் போட்டுப் பார்த்துவிடுவது உத்தமம்.

உப்புக்காற்று

சென்னையிலோ கோயம்புத்தூரிலோ இருப்பவர் எழுதிய வழிகாட்டியில் இந்தப் பகுதி இருக்காது. நமக்கு இதுதான் முக்கியம்.

ஃபேன் உள்ள லேப்டாப் வெளிக்காற்றை உள்ளே இழுத்துத்தான் சூட்டைத் தள்ளுகிறது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடியில் பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் அந்தக் காற்றோடு நுண்ணிய உப்பும் மணலும் சேர்ந்து வரும். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே ஈரத்தை இழுத்துக் கரைந்துவிடும். கடலோரத்தில் விடியற்காலையில் அந்த அளவு சர்வ சாதாரணம். கரைந்த உப்பு மின்சாரத்தையும் கடத்தும், உலோகத்தையும் அரிக்கும்.

கடலோரத்தில் சில வருடம் ஓடிய லேப்டாப்பின் பின்மூடியைத் திறந்து பார்த்தால் நிலைமை தெரியும். சூட்டைக் கடத்தும் செம்புக் குழாயில் பச்சைக் களிம்பு படிந்திருக்கும். அது முடியும் இடத்தில் இருக்கும் அலுமினியத் தகடுகளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி பூத்திருக்கும். அந்தத் தகடுகளுக்கு நடுவே கம்பளி மாதிரி ஒரு படலம். தொட்டால் பிசுபிசுக்கும், ஊதினால் போகாது. திருகாணிகளின் தலை துருப்பிடித்து ஸ்க்ரூ டிரைவர் வழுக்கும். உள்நாட்டில் ஓடிய மிஷினில் வெறும் தூசிதான் இருக்கும். பிரஷ் போட்டால் போய்விடும்.

6 வாட் என்பதால் என்4020 லேப்டாப்புகள் பலவற்றை ஃபேன் இல்லாமலே செய்திருக்கிறார்கள். காற்றை உள்ளே இழுப்பதில்லை, அதனால் உப்பு போவதும் வெகுவாகக் குறைகிறது. 15 வாட் ஏ4-க்கு அநேகமாக ஃபேன் இருக்கும். என் கணக்கில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு இருப்பவருக்கு இந்த ஒரு காரணமே என்4020 பக்கம் சாய்வதற்குப் போதும். எல்லா என்4020 மாடலும் ஃபேன் இல்லாதது அல்ல. அடிப்பக்கத்திலும் ஓரத்திலும் காற்றுத் துளை இருக்கிறதா, காதை வைத்தால் சுற்றும் சத்தம் வருகிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே கடலோரத்தில் இருந்த மிஷினா என்று கண்டுபிடிப்பதும் கடினமில்லை. மொபைல் டார்ச்சை அடித்து யுஎஸ்பி துளையின் உள் தகடு, சார்ஜர் குத்தும் இடம், அடித் திருகாணிகள், மூடியின் கீல் ஆகியவற்றைப் பாருங்கள். பச்சை, வெள்ளை, துரு இந்த மூன்றில் எது தெரிந்தாலும் பின்மூடியைத் திறந்து காட்டினால்தான் வாங்குவேன் என்று சொல்லிவிடுங்கள். போர்டில் பச்சை ஏறியிருந்தால் எந்த விலைக்கும் வேண்டாம்.

வாங்கிய பிறகு, கடல் பக்கத்து ஜன்னலுக்கு எதிரே வைத்து ஓட்டாதீர்கள். மெத்தை மேல் வைக்காதீர்கள். வேலை முடிந்து சூடு ஆறியதும் மூடியுள்ள பெட்டியில் சிலிக்கா ஜெல் பையோடு வையுங்கள். மாதக்கணக்கில் சும்மா போட்டு வைத்தால் ஈரம் இறங்கிவிடும், அவ்வப்போது ஓட்டுங்கள். ஏ4 வைத்திருப்பவர் ஆடி முடிந்ததும் ஒரு முறை சர்வீஸ் கடையில் கொடுத்து ஃபேனைச் சுத்தம் செய்து பேஸ்ட் மாற்றிக்கொள்வது நல்லது.

கரண்ட் போகும் நேரத்திலும் 6 வாட்டுக்கு லாபம் உண்டு. ஆனால் பேட்டரி இரண்டரை மடங்கு நிற்கும் என்று கணக்குப் போட வேண்டாம். திரை, டிஸ்க், வைஃபை எல்லாம் தனியாக இழுக்கும்.

விண்டோஸா, லினக்ஸா

விண்டோஸ் 10-க்கான பொதுவான பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. வீட்டு உபயோகத்துக்கு, பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை நீட்டித்தார்கள். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்றுக்கொண்ட ப்ராசஸர் பட்டியலில் என்4020 இருக்கிறது, ஏ4-9125 இல்லை. சில கடைகளில் ஏ4-இலும் விண்டோஸ் 11-ஐ ஏற்றிக் கொடுப்பார்கள். ஓடும்தான், ஆனால் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்வதில்லை. பேங்க் வேலை, பணம் கட்டும் வேலை செய்யப்போகிறீர்கள் என்றால் அந்த மாதிரி ஏற்றிய மிஷினை எடுக்காதீர்கள்.

டேலிக்கு விண்டோஸ் வேண்டும். இ-சேவை மையத்துக்கான கைரேகைக் கருவிகளும் பெரும்பாலும் விண்டோஸ் டிரைவர்தான் கேட்கும். இந்த வேலைகளுக்கு என்4020-ஐயே எடுங்கள். படிப்பு, தமிழ் டைப்பிங், பிரவுசர், சி, பைத்தான் பயிற்சி, இவ்வளவுதான் என்றால் ஏ4-இல் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடலாம். இலவசம், அப்டேட்டும் ஒழுங்காக வரும், 4 ஜிபி ரேமிலும் ஓடும்.

கடைசியாக முடிவெடுக்கும்போது

எஸ்எஸ்டி போட்ட, 8 ஜிபி ரேம் உள்ள, ஃபேன் இல்லாத என்4020 கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். என்4020-இல் 4 ஜிபி ரேமும் இஎம்எம்சியும் ஒட்டியே வந்து, பக்கத்தில் ஏ4-இல் எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் இருந்தால், உள்ளே களிம்பு இல்லை என்று பார்த்துவிட்டு ஏ4-ஐ எடுங்கள். தினசரி வேலையில் அதுதான் வேகமாகத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அதே விலைக்கு, கம்பெனி ஆபீஸ்களில் ஓடிவிட்டு வரும் கோர் ஐ5-4300யு லேப்டாப் அகப்பட்டால் அதையும் பாருங்கள். 2013-இல் வந்தது. இரண்டு கோர், நான்கு த்ரெட் (ஒவ்வொரு கோரும் ஒரே நேரத்தில் இரண்டு வேலை வரிசையைப் பார்க்கும்). ஏவிஎக்ஸும் உண்டு. வேகத்தில் இந்த இரண்டையும் தாண்டும், பல மாடல்களில் ரேமும் டிஸ்க்கும் மாற்றலாம். அது ஃபேன் உள்ள மிஷின், விண்டோஸ் 11 பட்டியலிலும் கிடையாது. உள்ளூரில் கடலிலிருந்து தள்ளி, ராமநாதபுரம் டவுன், பரமக்குடி பக்கம் இருப்பவர் லினக்ஸுக்குத் தயார் என்றால் நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன்.

வளைகுடாவிலிருந்து வந்த லேப்டாப் என்றால் கீபோர்டில் அரபி எழுத்தும் சேர்ந்திருக்கும். அது பழுது அல்ல, டைப் செய்யத் தடையும் இல்லை. சார்ஜரின் சுவர்ப் பக்கப் பின் தட்டையாக, பெரிதாக இருக்கும்; அந்த வயரை மட்டும் மாற்றினால் போதும், அடாப்டரை மாற்ற வேண்டியதில்லை.

பணம் கொடுக்கும் முன் எல்லா எழுத்தையும் ஒரு முறை தட்டிப் பாருங்கள், சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் கால் மணி நேரம் ஓட்டுங்கள், மூடியைத் திறந்து மூடிக் கீலைப் பாருங்கள். பிறகு பில்லில் லேப்டாப்பின் சீரியல் எண், ப்ராசஸரின் முழுப் பெயர், ரேம், டிஸ்க் அளவு, எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பது எல்லாவற்றையும் கடைக்காரர் கையாலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.